வெங்காயப் பையில் ஏழாம் எண்

படலத்தின் ஓரம் இன்னும் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் தட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், நகத்தை விட்டால் நுழையும், அப்போது உரித்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் முந்தினால் பசை மாதிரி விரலோடு வரும், ஐந்து நிமிடம் பிந்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நேற்று சாயங்காலம் ஊற்றியது. கடைசி ஒரு மணி நேரம் ஒரு ஆள் உள்ளேயே உட்கார்ந்து காவல் காக்க வேண்டும் என்பது இந்த ஆய்வகத்தின் சட்டம், அந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான், ஆகவே யாரையும் திட்ட முடியாது. கதவு சாத்தியிருக்கிறது. மின்விசிறி கிடையாது, ஏசி கிடையாது, ஜன்னல் இடுக்கில் எல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது, ஏனென்றால் காற்றுப் பட்டால் படலம் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருண்டுகொள்ளும். மேசையின் நாலு காலும் நாலு தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கின்றன, எறும்புக்காக. எறும்புக்காக. சிரிப்பு வருகிறது, சிரித்தால் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் புழு நாற்றம் நாக்கில் வந்து உட்காரும். மணி பத்து ஐந்து. பதினொன்றுக்கு நாச்சிமுத்து வருகிறார். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போகிறது. இருக்கிறது, மூன்று துண்டும் இருக்கிறது, கையை எடு சுகந்தி.

நாற்றம் என்று சொல்லக் கூடாது என்பார் என் ஆய்வு வழிகாட்டி இருதயராஜ் சார். வாசனை என்று சொல்லு, வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். சரி, வாசனை. பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூலை எடுத்தபின் உள்ளே மிஞ்சுகிற கூட்டுப்புழுவின் வாசனை. கோபி நகரைச் சுற்றி நூல் எடுக்கிற கூடங்களுக்குப் பின்னால் குவியல் குவியலாகக் கிடக்கும், கோழித் தீவனத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள், அதில் வாரம் ஒரு மூட்டையை எங்கள் ஆய்வக உதவியாளர் மாரக்காள் மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். காயவைத்து, அரைத்து, எண்ணெயை இறக்கி, காரத்தில் கரைத்து, அமிலம் விட்டால் பால் திரிகிற மாதிரி புரதம் திரியும். அதைத் திரும்பக் கரைத்து, வளைந்து கொடுக்கக் கொஞ்சம் கிளிசரின், விறைத்து நிற்க ஒரு மருந்து, தட்டில் ஊற்றினால் மறுநாள் தேன் நிறத்தில் ஒரு தாள். பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், மண்ணில் போட்டால் மக்கும். மக்கும். ஐந்து வருடமாக இந்த ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். தாராபுரத்தில் அம்மா, என் பொண்ணு பிளாஸ்டிக்கை ஒழிக்கப் போறா என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். போன ஆவணியில் பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு என்ன வேலைங்க என்று கேட்டார்கள், அம்மா பெருமையாகப் புழுவிலிருந்து ஆரம்பித்தாள், மாப்பிள்ளையின் அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தவள் திரும்ப எடுக்கவே இல்லை. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இருந்தது, ஒரு வாரம் இருந்தது. முப்பத்து மூன்று வயதில் ஒரு வாரத்துக்கு மேல் எதற்கும் வருத்தப்பட நேரம் கிடைப்பதில்லை. கூட்டுக்குள் புழு, அறைக்குள் நான் என்று கவிதை எழுதுகிற ஆளும் நான் இல்லை. புழுவைப் பார்க்கப் பதினொரு மணிக்கு யாரும் வருவதில்லை.

பத்துப் பதினேழு. ஓரம் அப்படியே ஒட்டிக் கிடக்கிறது. வியர்வை காதுக்குப் பின்னால் இறங்குகிறது, துடைக்கக் கையை வீசினால் அதுவும் காற்றுதான், மெதுவாகத் துடைக்க வேண்டும். நாச்சிமுத்து சத்தியமங்கலம் சாலையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவர், பிளாஸ்டிக் கவரில் மரக்கன்று வளர்த்து விற்கிறவர். ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், வெள்ளை வேட்டி, முழங்கை வரைக்கும் செம்மண். இந்த மேசைக்கு எதிரில் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். "நாங்க சொல்லிச் சொல்லித்தானுங்க நாத்தக் குடுக்கறோம், கவரக் கிழிச்சுட்டு நடுங்கன்னு. பாதிப்பேரு கிழிக்கறதில்லீங்க. நூறு எரநூறு நடறப்ப ஆளுக்கு எங்க பொறுமை? கவரோடவே குழியில வெச்சு மூடிர்றாங்க. எங்க சொந்தத் தோட்டத்துலயே மகாகனி முந்நூறு மரமுங்க, மூணு வருசம் நல்லாத்தான் வந்துச்சு, ஒரு ஆனிக்காத்துல நாப்பது மரம் படுத்துருச்சு. தோண்டிப் பாத்தா வேரு வெளியவே போவலீங்க. கவருக்குள்ளயே சுத்திச் சுத்திக் கயிறாட்டங் கெடக்குது." அதைச் சொல்லும்போது இரண்டு கையையும் ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக் காட்டினார். பிறகு மேசைமேல் இருந்த என் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மோந்து பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. இதுல கவர் செஞ்சா கவரோடவே நடலாமுங்களா என்று கேட்டார். நடலாம் என்று சார் சொன்னார். நானும் தலையாட்டினேன். இந்த ஆடிக்கு எட்டாயிரம் நாற்று. கவரோடவே நடுங்க, கிழிக்க வேண்டாம் என்று அவரே ஒவ்வொரு தோட்டத்துக்கும் சொல்லிக் கொடுக்கப் போகிறார். அதற்கு இன்றைக்கு இந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எட்டாயிரம். வேர் சுற்றிக்கொண்டது மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது, இலை பச்சையாகத்தான் இருக்கும், மூன்று வருடம் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்று வருடத்தில் நான் எங்கே இருப்பேனோ. டாக்டர் சுகந்தி, ஏதாவது ஒரு ஊரில், நாற்றம் இல்லாத ஒரு கட்டடத்தில். சே. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து வா. இது ஒரு துண்டு, ஏழாம் எண், இன்னொரு துண்டு, ஒன்பதாம் எண், இன்னும் ஒரு துண்டு, அதில் எண் இருந்த இடமே இல்லை. ஆறு தொட்டி மண்ணில் ஆறு துண்டு புதைத்தோம், ஒவ்வொன்றிலும் அதன் பக்குவத்தின் எண். மூன்று துண்டு கிடைத்தால் மீதி மக்கியிருக்கலாம் அல்லவா? மக்கியிருக்கலாம். ஆனால் வெங்காயப் பை. இதில்தான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறேன். மண்ணில் புதைக்கிறபோது படலத்தை மெல்லிய நைலான் வலைக்குள் தைத்துப் புதைக்க வேண்டும், மண்ணுயிர் உள்ளே போகும், துண்டு வெளியே வராது, அதுதான் முறை. அந்த வலை வர வேண்டியது வரவில்லை, ஒரு மாதம் பார்த்தேன், சார் கருத்தரங்குக்குத் தேதி வந்துவிட்டது என்றார், நான் விடுதிச் சமையலறைக்குப் போய் வெங்காயம் வந்த சிவப்பு வலைப் பையைக் கேட்டு வாங்கி, ஆறு துண்டாக வெட்டித் தைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். வெங்காயப் பையின் கண் எவ்வளவு பெரிது என்று வெங்காயம் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும், விரல் நுழையும். இருபத்தொன்றாம் நாள் தோண்டினோம். ஆறு பையும் காலி. சார் மண்ணில் மண்டியிட்டு ஒரு பையை எடுத்து உதறினார், கண் கலங்கிவிட்டது மனிதருக்கு, அந்தக் காலிப் பையைப் படம் எடுத்து ஆய்விதழுக்கு அனுப்பினோம், அச்சிலும் வந்துவிட்டது. விறைப்பு மருந்து இரண்டு பங்கு சேர்த்த ஏழாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும்கூடக் காலி. அவை சீக்கிரம் மக்காது என்று நானே நினைத்திருந்தேன். மக்கிவிட்டதே என்றதும் அறிவியல் என்னை ஆச்சரியப்படுத்திவிட்டது என்று எழுதினேன். ஆச்சரியப்பட்டால் போதுமா, பையின் கண்ணைப் பார்க்க வேண்டாமா?

கால் மரத்துப் போய்விட்டது. எழுந்து நடக்க இடமில்லை, சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு நாற்காலி அகலம். காலையில் எட்டேகாலுக்கு, விருந்தாளி வருகிறார் என்று மாரக்காள் பின்பக்கம் பெருக்கப் போனார். தொட்டிகளை நகர்த்தியிருக்கிறார். சுவரின் அடியில் உடைந்த ஓட்டுக்குப் பக்கத்தில் எறும்பு குப்பை கொட்டுகிற இடம், பொடி மண், செத்த எறும்பின் ஓடு, ஏதோ விதையின் தோல், அதற்கு நடுவில் இது. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். "உங்க காகிதமாட்டந் தெரியுதுங்க அம்மிணி." விரல் நகம் அளவு, தேன் நிறம், ஓரமெல்லாம் கடித்துக் குதறியிருக்கிறது, நடுவில் கறுப்பு மையில் ஏழு. நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்ட ஏழு. இந்தக் கட்டடத்தில் ஏழுக்கு அப்படிக் கோடு போடுகிறவள் நான் ஒருத்திதான். அதோடு ஒன்பது எழுதிய இன்னொரு துண்டு, எண் இருந்த பக்கம் கடிபட்டுப் போன மற்றொன்று. புதைத்த துண்டுகளில் மட்டும்தான் எண் எழுதினேன். நாலு மாதம், இரண்டு மழை. கழுவிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், நேற்று உரித்த மாதிரி விறைப்பாக இருந்தது. எறும்பு கிளிசரின் இனிப்புக்கு வந்திருக்கிறது. இழுத்துக்கொண்டு போய், இனிப்பை உறிஞ்சிவிட்டு, இது தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்து, கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டது. எனக்கு ஐந்து வருடம் தேவைப்பட்ட முடிவுக்கு அது ஒரே நாளில் வந்திருக்கும். மூன்றையும் வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மாரக்காள் போகவில்லை, துடைப்பத்தோடு நின்றார். "நாந்தான் அப்பவே சொன்னனுங்களே" என்றார். என்ன சொன்னீங்க என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும். "எறும்பு தூக்கிட்டுப் போவுதுங்கன்னு."

சொன்னார். இதைத்தான் அரை மணி நேரமாகத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ, நான் வராந்தாவில் எடை போட்டுக்கொண்டிருந்தேன், தொட்டிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து சொன்னார், "அம்மிணி, உங்க தொட்டில இருந்து எறும்பு தூக்கிட்டுப் போவுதுங்க." நான் தராசைப் பார்த்துக்கொண்டே, "எதையோ தூக்கிட்டுப் போகும் மாரக்கா, எறும்புன்னா தூக்காம என்ன செய்யும்?" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, காது நன்றாகக் கேட்கும். எழுந்து இருபது அடி நடந்தால் தொட்டி. நடக்கவில்லை. நடந்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரிந்துதான் நடக்கவில்லையோ? இல்லை, அன்றைக்கு வேலை இருந்தது. இருந்ததா? இந்த மேசைக்கு நாலு கிண்ணம் தண்ணீர் வைத்தவள் நான். மேசைமேல் இருக்கும் படலத்துக்கு எறும்பு வரும் என்று தெரிந்தவளுக்கு, மண்ணுக்குள் இருக்கும் படலத்துக்கு வரும் என்று தெரியாதா? அப்போது மாரக்காள் இடத்தில் சார் வந்து சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். அது வேறு ஒரு வெட்கம், அதற்கு இப்போது இடம் இல்லை, இருக்கிற வெட்கத்துக்கே இந்த அறை போதவில்லை. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கழிப்பறையில் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. கத்தியிருக்கலாம், மைதானத்தில் அத்தனை பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கத்தினால் எல்லாரும் வந்து பார்ப்பார்களே என்று கத்தவில்லை. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நின்றேன். ஆயா வந்து வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினாள், திறந்துகொண்டது, "ஏம்புள்ள, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். இன்றைக்கு அந்த வாசகத்தை நினைத்தாலும் காது சுடுகிறது.

பத்து நாற்பது. ஓரத்தில் வெள்ளைக் கோடு. இல்லை, விளக்கின் நிழல். தலையைச் சாய்த்துப் பார்க்கிறேன், மூச்சை மூக்கால் மெதுவாக விடுகிறேன், இவ்வளவு பதவிசாக நான் எந்த மனிதரிடமும் நடந்துகொண்டதில்லை. இந்தத் தட்டு அழகாக வந்திருக்கிறது. ஒரு குமிழி இல்லை, ஒரு மடிப்பு இல்லை. இரண்டு பங்கு மருந்து, ஏழாம் எண்ணின் அதே பக்குவம், கவருக்கு விறைப்பு வேண்டும் என்று இதைத்தான் எடுத்தோம். உரித்துத் தருவேன், நாச்சிமுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், சரி என்பார். பிறகு நான் சாவகாசமாக மருந்தைக் குறைத்து, வலையை வரவழைத்து, புதிதாகத் தொட்டி வைத்து, எல்லாவற்றையும் சரி பண்ணிவிடலாம். ஆடிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. பண்ணிவிடலாம் அல்லவா? ஐந்து வருடத்தில் முடியாதது இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல நியாயம். சொன்னால் என்ன ஆகும்? அச்சில் வந்ததைத் திரும்ப வாங்க வேண்டும், ஆய்வேடு நிற்கும், சார் முகத்தைப் பார்க்க வேண்டும், அம்மா தெருவில் சொல்லியதையெல்லாம் ஒவ்வொரு வீடாகத் திரும்ப எடுக்க முடியாது. பயமாகத்தான் இருக்கிறது. வெளியே செருப்புச் சத்தம். சாரின் செருப்பு, இடது கால் கொஞ்சம் தேய்க்கும்.

"சுகந்தி, ஆச்சாம்மா?" கதவுக்கு வெளியே இருந்து மெதுவாகக் கேட்கிறார், குரல்கூடக் காற்று என்று அவருக்கு நினைப்பு. "அவர் வந்துட்டார், காபி குடிக்கிறார். அவசரமில்லை." அவசரமில்லை என்று சொல்கிற மனிதரிடம்தான் சொல்வது கஷ்டம். இன்னும் பத்து நிமிடம் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் கொழுக்கட்டை இல்லை என்று காட்டவோ என்னவோ, எழுந்தேன், நாற்காலி சுவரில் இடித்தது, தாழ்ப்பாளை நீக்கினேன். ஓரம் எழும்பாமல் நான் கதவைத் திறந்தது இந்த ஐந்து வருடத்தில் இல்லை. சார் பதறிப் போய், "என்னம்மா, காத்துப் படும்" என்று கதவைப் பிடித்தார். கதவிடுக்கு வழியாக ஏழாம் எண்ணை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். குறுக்குக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கே கிடைச்சுது?"

"பின்னாடி, எறும்புக் குப்பையில சார். மக்கலை. எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கு. வெங்காயப் பை வழியா."

சார் துண்டை மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது, எனக்கு அவர்மேல் அன்று பைக்கு முன்னால் மண்டியிட்டபோது வந்த பிரியம் அப்படியே திரும்ப வந்தது. அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டினார். "பழைய துண்டு எதாவது கீழே விழுந்திருக்கும். அப்புறம் பார்ப்போம், நிதானமாப் பார்ப்போம்." "இப்ப கதவைச் சாத்திக்கோம்மா. காத்துப் படுது."

கதவு என் கையில் இருந்தது. அவர் தள்ளவில்லை, சொன்னதோடு சரி. சாத்த வேண்டியது நான்தான், எப்போதும் நான்தான் சாத்துவேன். முதுகுக்குப் பின்னால் சின்னச் சத்தம், சரக் என்று, ஒரு மூலை சுருள ஆரம்பித்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, இவ்வளவு அழகாக வந்த தட்டு. வராந்தா முனையில் நாச்சிமுத்து வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் மாரக்காள் காபி டம்ளரோடு. கதவை விட்டேன், அது போய்ச் சுவரில் மோதியது, வராந்தாக் காற்று என் கழுத்து வியர்வையில் பட்டது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒன்பதாம் எண்ணை எடுத்தேன். சார் "சுகந்தி" என்றார். நாச்சிமுத்து தாளை வாங்கத்தான் கையை நீட்டினார். அந்தக் கையில் வைத்தேன்.

"இது மக்கலைங்க. எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சுங்க."

சொன்னபிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. மாரக்காளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாச்சிமுத்து துண்டை மோந்து பார்த்தார், வளைத்துப் பார்த்தார், திட்டவில்லை, கத்தவில்லை. ஒரு மணி நேரமாக அந்த அறைக்குள் உட்கார்ந்து நான் பயந்த எதையுமே அவர் கேட்கவில்லை.

"எந்த எறும்புங்க?" என்றார். "செவ்வெறும்பா, கடியெறும்பா?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தொரு நாள் அது என் தொட்டிக்கு வந்து போயிருக்கிறது, நான் ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. சாரைப் பார்த்தேன். அவர் கை இன்னும் சட்டைப் பையின் மேலேயே இருந்தது. உள்ளே தட்டு மறுபடி சரக் என்றது. கடைசியில் திரும்பி, "நீங்க சொல்லுங்க மாரக்கா" என்றேன்.